யோ-யோ பழக வேண்டுமா? நூலிலிருந்து தொடங்குங்கள்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஊர்த் திருவிழாக் கடையில் சிவப்பு பிளாஸ்டிக் யோ-யோ ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். கீழே விட்டால் இறங்கும், உடனே ஏறும். அவ்வளவுதான். தொலைக்காட்சியில் ஒருவர் அதை நூலின் அடியிலேயே நிற்கவைத்துச் சுழலவிட்டு, தரையில் நடக்கவைத்ததைப் பார்த்திருந்தேன். அந்தக் கோடை விடுமுறை முழுக்க நானும் முயன்றேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. நமக்குக் கை வராது என்று பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இருபது ஆண்டுகள் கழித்து வீடு மாறும்போது அது கையில் அகப்பட்டது. இரண்டு வட்டுகளையும் பிரித்துப் பார்த்தால், நூலை நடு அச்சோடு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதை யார் கையில் கொடுத்தாலும் நிற்காது.

யோ-யோவைக் கைவிட்டவர்களோடு பேசிப் பார்த்தால் பலரும் தங்கள் கையைத்தான் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் குறை பெரும்பாலும் நூலில் இருக்கிறது. கட்டிய விதம் தவறு, அல்லது நீளம் அதிகம், அல்லது முறுக்கு ஏறிப்போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வித்தைகளைவிட நூலைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. தேநீர் கொதிக்கும் நேரத்திலும் சாயங்காலம் மொட்டை மாடியிலும் பத்து நிமிடம் ஆடி மகிழ நினைப்பவர்களுக்கு இது போதும்.

முடிச்சா, வளையமா?

யோ-யோ மிகப் பழைய பொருள். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க மண்பாண்டம் ஒன்றில் ஒரு சிறுவன் அதை ஆடுவதுபோல் வரைந்திருக்கிறார்கள். அது இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேறு வேறு பெயர்களில் இது இருந்தது. ஆனால் அங்கெல்லாம் நூலை அச்சோடு கட்டிவிடுவார்கள். இறங்கும், ஏறும், அதற்குமேல் ஒன்றுமில்லை.

அதை மாற்றியது பிலிப்பைன்ஸ் நாட்டு வழக்கம். அங்கே நூலை அச்சில் முடிச்சுப் போடாமல், ஒரு வளையமாக மாட்டிவிட்டார்கள். வளையம் அச்சைத் தளர்வாகத் தழுவியிருக்கும். நூல் முழுதும் இறங்கிய பிறகும் அச்சு அந்த வளையத்துக்குள் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். இதைத்தான் யோ-யோ ‘தூங்குகிறது’ என்கிறார்கள். அந்த எறிதலுக்கு ‘ஸ்லீப்பர்’ என்று பெயர். பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா சென்ற பெட்ரோ ஃபுளோரஸ் 1928-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இந்த வகையைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதன் பிறகு டொனால்ட் டங்கன் என்ற வணிகர் அந்தத் தொழிலை வாங்கி, ஊர் ஊராக ஆட்டக்காரர்களை அனுப்பி அமெரிக்கா முழுவதும் பரப்பினார். அந்த ஆட்டக்காரர்களில் பலர் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள். யோ-யோ என்ற சொல்லும் அந்நாட்டு மொழிகளிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

ஆகவே கடையில் யோ-யோவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கவேண்டியது நிறத்தையோ விளக்கு எரிகிறதா என்பதையோ அல்ல. நூலை முழுவதும் இறக்கி, யோ-யோவை விரலால் சுற்றிவிடுங்கள். நூல் அசையாமல் இருக்க, வட்டுகள் மட்டும் சுழல்கின்றனவா? அப்படியானால் வாங்கலாம். நூலும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் வேண்டாம்.

எதை வாங்குவது?

இன்று கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. லேசாக இழுத்தால் தானே மேலேறி வருவது ரெஸ்பான்சிவ். எவ்வளவு இழுத்தாலும் வராமல், தனி உத்தியால் மட்டுமே மேலே வருவது அன்ரெஸ்பான்சிவ். இணையக் கடைகளில் பளபளவென்று அலுமினியத்தில் தெரிபவற்றில் பல இரண்டாவது வகை. புதிதாகப் பழகுபவர்கள் அழகுக்கு மயங்கி அதை வாங்கி, மேலே வரவில்லை, பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உங்கள் முதல் யோ-யோ ரெஸ்பான்சிவாக இருக்கட்டும். விற்பனைக் குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேரிங் உள்ள பிளாஸ்டிக் யோ-யோ தொடக்கத்துக்கு நல்லது. நூல் பேரிங்கின் வெளி வளையத்தில் உட்கார்ந்திருக்கும், அச்சு உள்ளே தடையில்லாமல் சுழலும். அதனால் நீண்ட நேரம் தூங்கும். பேரிங் இல்லாத மர யோ-யோவும் எனக்கு மிகவும் பிடிக்கும். அது குறைந்த நேரமே தூங்கும், ஆனால் கைக்குத் திரும்பி வரும் உணர்வு அத்தனை இதம். வடிவத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. வெளிப்பக்கம் உருண்டு, நடு இடைவெளி குறுகலாக இருந்தால் முன்னே வீசித் திரும்பப் பிடிக்கும் ஆட்டங்களுக்கு ஏற்றது. பட்டாம்பூச்சிச் சிறகுபோல் வெளிநோக்கி விரிந்திருந்தால் சுழலும் யோ-யோவை நூலின்மேல் ஏற்றி நிறுத்துவதற்கு ஏற்றது. எது வேண்டும் என்று தெரியாவிட்டால் சிறகு வடிவத்தை எடுங்கள்.

சுழற்சி குறைந்ததும் தானே மேலேறி வரும் யோ-யோக்களும் உண்டு. உள்ளே சிறு எடைகளும் வில்லும் இருக்கும். வேகமாகச் சுழலும்போது எடைகள் வெளியே தள்ளப்பட்டு அச்சை விட்டுவிடும். வேகம் குறைந்ததும் வில் அவற்றைத் தள்ளி அச்சைக் கவ்வவைக்கும். சிறு குழந்தைக்கு அது மகிழ்ச்சி தரும். உங்களுக்கு என்றால் வேண்டாம் என்பேன். எப்போது மேலே வரவேண்டும் என்பதை உங்கள் கைதான் தீர்மானிக்க வேண்டும். பாதிச் சுவை அதில்தான்.

யோ-யோவோடு கூடவே ஒரு கட்டு நூலும் வாங்கிவிடுங்கள். நூல் தேய்கிற பொருள். மர யோ-யோவுக்குப் பருத்தி நூல் மட்டுமே போடவேண்டும். அச்சில் உராய்ந்து சூடேறும்போது பாலியெஸ்டர் உருகி அறுந்துவிடும். பேரிங் உள்ளவற்றுக்குப் பாலியெஸ்டர் நன்றாகவே உழைக்கும்.

நூலை உங்கள் உடம்புக்கு அளந்துகொள்ளுங்கள்

புது நூல் யாருடைய உயரத்துக்கும் பொருந்தாத நீளத்தில்தான் வரும். வெட்டாமல் ஆடினால் யோ-யோ தரையில் மோதும். யோ-யோவைத் தரையில் நிறுத்தி, நூலை நேராக மேலே பிடியுங்கள். தொப்புளுக்கு மூன்று விரற்கடை மேலே நூலை மடித்து, ஒரு சிறு வளையம் வரும்படி முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் குழந்தையை நிறுத்தி அளக்கவேண்டும். பெரியவர்களின் நூலோடு கொடுத்தால் அதற்கு ஒருநாளும் ஆட வராது.

நீங்கள் போட்ட வளையத்தில் நேரடியாக விரலை நுழைக்கக்கூடாது. அந்த வளையத்துக்குள் நூலையே இழுத்து ஒரு சுருக்கு உண்டாக்குங்கள். கிணற்று வாளிக்கு மாட்டுகிற சுருக்கைப் போல, விரலுக்குத் தக்கபடி இறுகும். வலக்கைக்காரர் வலது நடுவிரலில், முதல் கணுவுக்கும் இரண்டாவது கணுவுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளுங்கள். விரலின் அடியில் மாட்டினால் எறிதலில் பலம் இருக்காது. விரல் நுனி நீலம்பாரித்தால் உடனே தளர்த்திவிட்டு சற்று ஓய்வு கொடுங்கள்.

நூல் மாற்றுவது எளிது. யோ-யோ நூல் என்பது ஒரே நூலை இரண்டாக மடித்து முறுக்கியது. அடி நுனியை முறுக்குக்கு எதிராகத் திருகினால் நூல் பிரிந்து ஒரு கண் திறக்கும். அந்தக் கண்ணை ஒரு வட்டின் மேலாக விட்டு, அச்சில் உட்காரவைத்து, விட்டுவிடுங்கள். முறுக்கு தானாக மூடிக்கொள்ளும். முடிச்சு எதுவும் வேண்டாம்.

பேரிங் உள்ளதில் நூலைச் சுற்றும்போது முதல் சுற்று வழுக்கிக்கொண்டே இருக்கும். புதியவர்களுக்கு இது எரிச்சல் தரும். கட்டை விரலால் நூலை ஒரு வட்டின் விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றுங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு மீதியைச் சுற்றலாம்.

எறிதல்

மற்ற எல்லாமே இந்த ஒன்றின்மேல்தான் நிற்கின்றன. அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள்.

யோ-யோவை உள்ளங்கையில் வைத்து, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும்படி பிடியுங்கள். நடுவிரலிலிருந்து கிளம்பும் நூல் யோ-யோவின் முன்பக்கமாக ஏறி, அதன் தலைக்கு மேலாக உங்களை நோக்கி வரவேண்டும். இதைச் சரிபார்ப்பது முக்கியம். நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தால் யோ-யோ விரல்களை விட்டு உருண்டு போகாது, முட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் யோ-யோவைக் கையில் திருப்பி வையுங்கள், போதும்.

இனி, புஜத்தின் தசையைக் காட்டுவதுபோல் முழங்கையை மடக்கிக் கையைக் காதருகே கொண்டுபோங்கள். அங்கிருந்து முன்கையைக் கீழே வீசி, மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கி, யோ-யோ விரல் நுனிகளில் உருண்டு போகும்படி விடுங்கள். பம்பரம் விட்டவர்களுக்கு இந்தச் சொடுக்கு நன்றாகத் தெரியும். சாட்டையைச் சுண்டி இழுக்கிற அதே மணிக்கட்டுதான். பலத்தைவிட நேர் முக்கியம். யோ-யோ உங்கள் கால் விரல்களுக்குச் சற்று முன்னால் நேராக இறங்கவேண்டும், வலப்பக்கமோ இடப்பக்கமோ சாயக்கூடாது.

எறிந்தவுடன் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். யோ-யோ அடியைத் தொடும் கணத்தில் கையை விறைப்பாக வைக்காமல் ஓர் அங்குலம் கூடவே இறங்கவிடுங்கள். அந்தச் சின்னத் தளர்வுதான் அதைத் தூங்கவைக்கிறது. கை விறைப்பாக இருந்தால் யோ-யோ அடியில் துள்ளும். துள்ளினால் நூல் ஒரு கணம் தொய்யும். தொய்ந்த நூலை அச்சு கவ்விக்கொண்டு மேலே ஏறிவிடும்.

எழுப்புவதும் அதே கணக்குத்தான். கையை லேசாக மேலே இழுத்தால் யோ-யோ சற்று எழும்பும், நூல் தொய்யும், வட்டுகளின் உட்புறத்திலுள்ள ரப்பரோ சொரசொரப்போ நூலைப் பிடிக்கும், மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். யோ-யோவைத் தூங்கவைத்திருப்பது அதன் எடைதான், நூலை அது இழுத்துப் பிடித்திருக்கிறது. 1985-இல் டிஸ்கவரி விண்கலத்தில் பொம்மைகளைக் கொண்டுபோய்ச் சோதித்தபோது இது கண்ணால் பார்க்கக் கிடைத்தது. எடையற்ற நிலையில் யோ-யோ நன்றாகப் போய் வந்தது, ஆனால் தூங்கவில்லை. அடியில் நிறுத்திவைக்க அங்கே ஒன்றும் இல்லையே.

எனக்கு முதல் ஸ்லீப்பர் நான்காம் நாள் வந்தது. மூன்று விநாடிகூட இருக்காது. நூலின் அடியில் அது அசையாமல் நின்று மெல்லிய இரைச்சலோடு சுழன்றதை இன்றும் மறக்கவில்லை.

சரியாக வராதபோது

எறிந்தவுடன் திரும்பிவந்தால், கையின் விறைப்பைச் சொல்லிவிட்டேன். அதுவும் சரியாக இருந்தால் நூலில் முறுக்கு ஏறியிருக்கிறது. யோ-யோ ஆட ஆட நூலின் முறுக்கு மாறிக்கொண்டே இருக்கும். இறுகினால் அச்சை நெருக்கும், தூங்காது. தளர்ந்தால் அச்சைப் பிடிக்காது, மேலே வராது. சோதித்துப் பார்க்க, யோ-யோவை ஒரு கையில் பிடித்து, நூலின் நடுப்பகுதியைத் தொய்வாகத் தொங்கவிடுங்கள். தொங்கும் பகுதி தானே பின்னிக்கொண்டால் முறுக்கு அதிகம். சுருக்கை விரலிலிருந்து கழற்றி, அந்த முனையைப் பிடித்துக்கொண்டு யோ-யோவைச் சும்மா தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கைச் சரிசெய்துகொள்ளும். பத்துப் பதினைந்து எறிதலுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கமாகிவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

மேலே வராமல் அடியிலேயே செத்துப்போனால் சுழற்சி போதவில்லை, அல்லது நீங்கள் எழுப்பத் தாமதித்துவிட்டீர்கள். இன்னும் வேகமாக எறிந்து, சற்று முன்னதாக எழுப்புங்கள். பேரிங் மிகவும் உலர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நூலைப் பிடிக்கும் தன்மை கூடும்.

சாய்ந்து சுழன்றால் எறிதல் கோணல். நூல் ஒரு பக்கத்து வட்டில் உரசி வேகத்தைத் தின்றுவிடும். இதற்கு மருந்து பழக்கம் மட்டுமே. கண்ணாடி முன் நின்று எறிந்து பார்த்தால் மணிக்கட்டு எங்கே திரும்புகிறது என்று தெரியும்.

நூல் நைந்து மயிர்போல் சிலிர்த்திருந்தாலோ, அச்சருகே கறுத்திருந்தாலோ தயங்காமல் மாற்றுங்கள். அறுந்த நூலிலிருந்து பறக்கும் யோ-யோ மிக மோசமாக அடிக்கும்.

நான்கு வித்தைகள்

தூங்கும் யோ-யோவை மெதுவாகத் தரையில் தொடவைத்தால் அது முன்னோக்கி உருண்டு ஓடும், நீங்கள் கூடவே நடக்கலாம். நாயை நடத்திச் செல்வது என்று இதற்குப் பெயர். சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் விளிம்பு கீறல் விழும். வழவழப்பான தரையோ பாயோ நல்லது. உலோக யோ-யோவில் செய்யவே வேண்டாம்.

அடுத்தது முன்வீச்சு. கையைத் தொடையருகே தொங்கவிட்டு, உள்ளங்கை பின்னோக்கியிருக்க, யோ-யோவை முன்னே வீசுங்கள். நூல் தீர்ந்ததும் அது திரும்பி வரும். உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடியுங்கள். முகத்துக்கு நேராக வந்தால் பிடிக்கப் பார்க்காமல் விலகிவிடுங்கள்.

தொட்டில்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஸ்லீப்பர் எறிந்து, எறிந்த கையை உயர்த்துங்கள். மற்றக் கையின் விரல்களை நூலின் நடுவில் வையுங்கள். எறிந்த கையை இறக்கி, யோ-யோவுக்கு ஒரு சாண் மேலே நூலைப் பிடியுங்கள். இப்போது பிடித்த இடத்தை மேலே கொண்டுபோய், மற்றக் கையின் விரல்களை விரித்தால் நூல் ஒரு முக்கோணமாகத் திறக்கும். யோ-யோ அதற்குள்ளே தொங்கி ஆடும், உத்தரத்தில் கட்டிய தூளியில் குழந்தை ஆடுவதுபோல. இதை எறியாமலே, சுழலாத யோ-யோவைத் தொங்கவிட்டு இருபது முறை கைக்குப் பழக்குங்கள். கைகளுக்கு வழி தெரிந்த பிறகு சுழற்சியோடு செய்தால் ஓரிரு நாளில் வந்துவிடும். கடைசியில் நூலை விட்டுவிட்டால் யோ-யோ தானே கைக்கு ஏறிவரும்.

உலகைச் சுற்றுவது என்று ஒன்று உண்டு. தூங்கும் யோ-யோவை முழு வட்டமாகச் சுழற்றிவிட்டு எழுப்புவது. வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள். கை நீளமும் நூல் நீளமும் சேர்ந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் எப்போதும் குறைவாகவே நினைக்கிறோம். மின்விசிறி, ட்யூப்லைட், அலமாரிக் கண்ணாடி, பின்னால் வந்து நிற்கும் குழந்தை, எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

ஒரே நாளில் ஒரு மணி நேரம் ஆடுவதைவிட ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஐந்து நிமிடம் ஆடுவது நல்லது. விரல் வலிக்காது, அலுக்காது. கண்ணில் படும் இடத்தில், சாவி மாட்டும் ஆணி பக்கத்தில் யோ-யோ இருந்தால் கை தானாகப் போய் எடுக்கும்.

அதற்குப் பிறகு

இருபது விநாடி தூங்கும் அளவுக்கு எறிதல் வந்து, நூலின்மேல் யோ-யோவை ஏற்றி நிறுத்த ஆசை பிறந்தால், அப்போது அன்ரெஸ்பான்சிவ் பக்கம் போகலாம். சில பிளாஸ்டிக் யோ-யோக்களோடு குறுகிய பேரிங் ஒன்றும் அகலமான பேரிங் ஒன்றும் தருகிறார்கள். குறுகியதைப் போட்டால் இழுத்தால் வரும், அகலமானதைப் போட்டால் வராது. புதிதாக வாங்கத் தேவையில்லை.

அதை மேலே கொண்டுவரும் உத்திக்கு ‘பைண்ட்’ என்று பெயர். யோ-யோ சுழன்றுகொண்டிருக்கும்போது, மற்றக் கையின் ஆள்காட்டி விரலை யோ-யோவுக்கு ஒரு சாண் மேலே நூலில் வையுங்கள். எறிந்த கையை மெல்லத் தாழ்த்தி, யோ-யோவை அந்த விரலுக்குக் கீழாக முன்னும் பின்னும் அசைத்தால், தொய்ந்த நூலின் ஒரு மடிப்பு வட்டுகளின் இடைவெளிக்குள் புகும். உள்ளே நூல் இரட்டிப்பாகி நெருக்கியதும் ரப்பர் அதைக் கவ்வும். கவ்விய நொடியில் ஆள்காட்டி விரலை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் யோ-யோ நேராக அந்த விரலில் வந்து மோதும். முதல் சில நாள் மெதுவான சுழற்சியில் மட்டும் பழகுங்கள்.